மரை போடாத நட்டு

திங்கட்கிழமை காலை ஆறரை மணி. அம்பத்தூர் ஓ.டி. பக்கம் இருக்கும் ரத்தப் பரிசோதனைக் கூடங்கள் அப்போதுதான் ஷட்டரைத் தூக்குகின்றன. சர்க்கரை பார்க்க வந்தவர்கள் வெறும் வயிற்றோடு முதல் வரிசையைப் பிடித்துவிட்டார்கள். அவர்களுக்கு நடுவே முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், மூலை மடங்கிய சின்ன நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தேதி, அதற்கு எதிரே ஓர் எண், அதற்கும் எதிரே "2, 3, 2, 3" என்று மாத்திரைக் கணக்கு. ஐந்து வருடமாக எழுதி வருகிற நோட்டு.

"போன மாசம் 1.6தான் இருந்துச்சுண்ணா. மாத்திரையைக் கூட்டிட்டாங்க. பக்கத்து வீட்டு அக்கா கீரையே தொடக்கூடாதுன்னாங்க, அதையும் நிறுத்திட்டேன். இப்ப சரியா வந்துடும் இல்ல?"

"எடுத்துப் பாத்தாதான் தெரியும்க்கா. கையை நீட்டுங்க."

மாலையில் முடிவு வந்தபோது எண் 4.1 என்றிருந்தது. அவருக்கு மருத்துவர் வரைந்து கொடுத்த எல்லை 2.5க்கும் 3.5க்கும் நடுவில். ஒரு மாதத்துக்கு முன்பு ரத்தம் எளிதில் உறைந்துவிடும் நிலையில் இருந்தவர், இப்போது எளிதில் ரத்தம் கசியும் நிலைக்கு வந்துவிட்டார். அவர் செய்த ஒவ்வொன்றும் நல்ல எண்ணத்தில் செய்ததுதான். அந்த எண் ஏன் அப்படித் தாவியது என்பதைச் சொல்வதற்கே இந்த அத்தியாயம். அதற்கு ஒரு மாத்திரையின் பின்னாலேயே போய் ரத்தத்துக்குள் நுழைய வேண்டும்.

முதலில் ஒரு தப்பான பெயரைக் களைந்துவிடலாம். "ரத்தத்தை இளக்குகிற மாத்திரை" என்று எல்லோரும் சொல்கிறோம், மருத்துவர்களும் பேச்சு வழக்கில் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்த மாத்திரையால் ரத்தம் இளகுவதில்லை, நீர்த்துப் போவதில்லை. பாலில் தண்ணீர் ஊற்றுவது போன்ற எதுவும் அங்கே நடக்கவில்லை. சிவப்பணுக்களும் உப்பும் தண்ணீரும் இருந்தது இருந்தபடியே இருக்கின்றன. மாறுவது ரத்தத்தில் மிதக்கும் சில புரதங்களின் தலைப்பகுதி மட்டும். அதுவும் ரத்தத்துக்குள்ளே மாறுவதில்லை, கல்லீரலில் மாறுகிறது.

அந்தப் பெண்ணின் நெஞ்சுக்குள் இருப்பது ஒரு செயற்கை வால்வு. சிறுவயதில் வந்த தொண்டை வலியில் இந்தக் கதை தொடங்கியிருக்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா தொண்டையைத் தாக்க, அதை எதிர்க்கப் புறப்பட்ட உடலின் படை ஆள் தெரியாமல் இதய வால்வையும் சேர்த்துத் தாக்கிவிடுகிறது. ரூமாட்டிக் காய்ச்சல் என்பது இதுதான். நெருக்கமான வீடுகளில் வளரும் குழந்தைகளை அதிகம் பிடிக்கிற நோய். இருபது வருடம் கழித்து, மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்று போனால், இதயத்தின் இடப்புறத்தில் இருக்கும் ஈரிதழ் வால்வு சுருங்கித் தடித்துப் போயிருப்பது தெரியவருகிறது.

சென்னையின் மேற்குப் புறநகர்க்காரர்களுக்கு இதய அறுவை சிகிச்சை என்றால் முகப்பேர் நினைவுக்கு வரும். 1975இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸ் அறுவை சிகிச்சையைச் செய்த டாக்டர் கே.எம். செரியன் பிற்காலத்தில் பணியாற்றியதும் இந்த முகப்பேரில்தான். அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய பகுதி அது. லேத் பட்டறைகளில் உலோகம் கடைவதும், சற்றுத் தள்ளி மனித இதயத்துக்குள் உலோகம் பொருத்துவதும் ஏறக்குறைய ஒரே வட்டாரத்தில் நடக்கின்றன.

பொருத்தப்படும் வால்வுகளில் நம் நாட்டிலேயே உருவானதும் உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் பல வருடம் தோல்விமேல் தோல்வி கண்டு உருவாக்கி, 1990 டிசம்பர் 6ஆம் தேதி முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்திய வால்வு அது. சென்னையைச் சேர்ந்த டி.டி.கே. குழுமம் அதைத் தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. கோபால்ட் கலந்த உலோகச் சட்டம், அதற்குள் சாய்ந்து திறந்து மூடும் ஒரு பிளாஸ்டிக் வட்டு, இதயத் தசையோடு வைத்துத் தைக்கப் பாலியஸ்டர் துணி வளையம். இறக்குமதி வால்வு வாங்க வழியில்லாத ஆயிரமாயிரம் பேர் இன்று உயிரோடு நடமாடுவதற்கு அந்த வட்டு காரணம். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று வைத்தால், ஒரு நாளில் லட்சம் முறை அது திறந்து மூடுகிறது.

எவ்வளவு நேர்த்தியாகச் செய்திருந்தாலும் அது ரத்தத்துக்கு அந்நியப் பொருள். உலோகமோ பிளாஸ்டிக்கோ ரத்தத்தைத் தொட்ட சில நொடிகளிலேயே ஃபைப்ரினோஜன் போன்ற புரதங்கள் அதன்மேல் போய் ஒட்டிக்கொள்கின்றன. பன்னிரண்டாம் காரணி என்ற இன்னொரு புரதம் அந்தப் பரப்பைத் தொட்டதும் விழித்துக்கொண்டு, அடுத்த புரதத்தை எழுப்புகிறது. அது அதற்கடுத்ததை எழுப்புகிறது. கடைசியில் ப்ரோத்ராம்பின் என்பது த்ராம்பினாக மாறி, கரைந்து கிடந்த ஃபைப்ரினோஜனை நூல் நூலாகத் திரித்துவிடுகிறது. அந்த நூல் வலைதான் உறைகட்டி. விரலை அரிவாள்மனையில் அறுத்துக்கொள்ளும்போது நம் உயிரைக் காப்பதும் இதே வலை. அது வால்வில் கட்டினால் வட்டு நகராமல் சிக்கிக்கொள்ளும். பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போனால் பக்கவாதம்.

ஆகவே அந்தப் பெண் வாழ்நாள் முழுதும் மாத்திரை சாப்பிட வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் தரப்படுவது அசினோகூமரால். மருந்துக் கடையில் "அசிட்ரோம்" என்று கேட்டால் தெரியும். உலகின் பல நாடுகளில் அதன் உறவினரான வார்ஃபரின்.

இந்தக் குடும்பத்து மருந்துகள் பிறந்த கதையை ஒரு பத்தியில் சொல்லிவிட வேண்டும். 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வட பகுதியிலும் மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்துக்கொண்டிருந்தன. கொம்பை அறுத்தால் போதும், ரத்தம் ஓடிக்கொண்டே இருந்தது. பூஞ்சணம் பிடித்த இனிப்புக் குளோவர் செடியைத் தீனியாகப் போட்டதே காரணம் என்று கால்நடை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். 1933இல் விஸ்கான்சின் மாநிலத்து விவசாயி ஒருவர், செத்த கிடாரியையும் ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, பனிப்புயலில் பல்கலைக்கழகத்துக்கு வந்து நின்றார். கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளரின் ஆய்வகம் அந்தக் கேனை வைத்துத் தொடங்கி, 1939இல் நஞ்சைத் தனியே பிரித்தெடுத்தது. அதை மாற்றியமைத்துச் செய்த வார்ஃபரின், 1948இல் எலி மருந்தாகத்தான் கடைக்கு வந்தது. 1950களில்தான் மனிதர்களுக்கு மருந்தானது.

இனி மாத்திரையின் பின்னால் போவோம்.

இரவு ஒன்பது மணிக்கு அந்தப் பெண் விழுங்கும் மாத்திரை குடலில் கரைந்து ரத்தத்தில் சேர்ந்ததும், அதற்கு முதலில் கிடைப்பது ஆல்புமின் என்ற புரதத்தின் பிடி. ரத்தத்தின் நீர்ப்பகுதியில் மிக அதிகமாக இருக்கும் புரதம் ஆல்புமின்தான். 100 மில்லி லிட்டருக்கு மூன்றரை முதல் ஐந்து கிராம் வரை இருக்கும். 585 அமினோ அமிலங்களைக் கோத்த ஒற்றைச் சங்கிலி. படிகமாக்கி எக்ஸ் கதிரால் படம் பிடித்துப் பார்த்தபோது அதன் உருவம் சீட்டுக்கட்டின் ஆட்டின் போலத் தெரிந்தது. கல்லீரல் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து கிராம் செய்து அனுப்புகிறது. செய்த ஆல்புமினில் பாதி அழிய ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும்.

ஆல்புமினுக்கு நிறைய வேலை. ரத்தக்குழாயிலிருந்து நீர் வெளியே கசியாமல் இழுத்து வைத்திருப்பது ஒன்று. தண்ணீரில் கரையாத கொழுப்பு அமிலங்களையும் பிலிருபினையும் ஏராளமான மருந்துகளையும் சுமந்து திரிவது இன்னொன்று. அதன் மடிப்புகளில் பைகள் போன்ற குழிவுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு வார்ஃபரின் இடம் என்றே பெயர். 1970களில் கில்லியன் சட்லோவும் சக ஆய்வாளர்களும் எந்த மருந்து எந்தக் குழிவில் அமர்கிறது என்று வகைப்படுத்தியதால், "சட்லோ முதல் இடம்" என்றும் அதைச் சொல்வார்கள். வார்ஃபரின் அங்கே போய்ப் பொருந்திக்கொள்கிறது. ரத்தத்தில் இருக்கும் வார்ஃபரினில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு இப்படி ஆல்புமினோடு ஒட்டியே இருக்கும். அசினோகூமராலும் தொண்ணூற்றெட்டுக்கு மேல்.

ஒட்டியிருக்கும் மருந்து எந்த வேலையும் செய்யாது. ஆல்புமின் பெரிய உருவம், செல்லுக்குள் நுழையாது. அதன் மடியில் இருக்கும் மருந்துக்கும் அதே கதி. குடோனில் அடுக்கிய சரக்கு கடையில் விற்பனையாகாது அல்லவா? வெளியே திரியும் அந்த ஒரு பங்குதான் கல்லீரலுக்குள் போய் மருந்தாக வேலை பார்க்கிறது. அது குறையக் குறைய, குடோனிலிருந்து அடுத்த சரக்கு இறங்குகிறது.

இந்த இடத்தில்தான் மருத்துவப் பாடநூல்கள் பல வருடம் ஒரு தவறைச் சொல்லிக்கொடுத்தன. அந்தத் தவறு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. கணக்கு அவ்வளவு அழகாக இருந்ததுதான் அதற்குக் காரணம். நூற்றில் தொண்ணூற்றொன்பது ஒட்டியிருக்கிறது, ஒன்று வெளியே இருக்கிறது. அதே குழிவில் உட்காரும் வேறொரு மருந்தைக் கொடுத்தால் அது வார்ஃபரினைத் தள்ளிவிடும். தொண்ணூற்றெட்டு ஒட்டியிருந்தால் வெளியே இரண்டு. அதாவது வேலை செய்யும் மருந்து இரு மடங்கு! மூட்டுவலிக்கு அப்போது கொடுத்த ஃபீனைல்பியூட்டசோனை வார்ஃபரினோடு சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு ரத்தப்போக்கு ஏற்பட்டது உண்மை. 1967இல் வந்த ஆய்வுக் கட்டுரை அதற்கு இந்த இடம்பெயர்ப்பையே காரணமாகக் காட்டியது. எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனால் கணக்கில் ஒன்று விட்டுப்போயிருந்தது. குடோனிலிருந்து தள்ளப்பட்ட சரக்கு தெருவிலேயே கிடப்பதில்லை. வெளியே வந்த மருந்தைச் சிதைத்து அப்புறப்படுத்தவும் கல்லீரலில் ஆள் இருக்கிறது. வெளியே அதிகம் வந்தால் அதிகம் சிதைக்கப்படும். சில நாளில் வெளியே இருக்கும் அளவு பழைய நிலைக்கே வந்துவிடும். இடம்பெயர்ப்பு மட்டும் காரணமானால் ஆபத்து சிறிது காலம்தான் நீடிக்க வேண்டும். நோயாளிகளுக்கோ அதற்கு மேலும் நீடித்தது.

1974இல் உண்மைக் காரணம் தெரிந்தது. வார்ஃபரின் என்பது இடக்கை வலக்கை போல ஒன்றின் கண்ணாடிப் பிம்பமாக இன்னொன்று இருக்கும் இரு மூலக்கூறுகளின் கலவை. அவற்றில் ஒன்று மற்றதைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வீரியம் கொண்டது. அந்த வீரியமானதைக் கல்லீரலில் சிதைக்கும் நொதியை ஃபீனைல்பியூட்டசோன் முடக்கிவிடுகிறது. வீரியம் குறைந்த இன்னொன்றோ வேகமாக வெளியேறிவிடுகிறது. ரத்தத்தில் மொத்த மருந்தை அளந்தால் கூடியதாகத் தெரியாது, ஆனால் இருப்பதெல்லாம் வீரியமான பங்கு. அழகான கணக்கை நம்பிப் புரதத்தின் மேல் பழி போட்டிருந்தார்கள், குற்றவாளி கல்லீரலில் இருந்தது. அந்த நொதிக்கு இன்று சி.ஒய்.பி. 2சி9 என்று பெயர்.

ஆவடியிலோ பூந்தமல்லியிலோ இருக்கும் ஒரு வால்வு நோயாளிக்கு இதனால் என்ன? வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல், படர்தாமரைக்கு ஃப்ளூகோனசோல், சிறுநீர்த் தொற்றுக்குக் கோட்ரைமாக்சசோல் என்று நாம் சீட்டு இல்லாமலே கடையில் வாங்கி விழுங்கும் மருந்துகள் அதே நொதியை முடக்குகின்றன. மூன்று நாள் சாப்பிட்டால் எண் எகிறுகிறது. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் நேர் எதிர். அது கல்லீரலின் நொதிகளைப் பெருக்கிவிடுகிறது, மாத்திரை வேலை செய்யாமல் போகிறது, அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. ஆறு மாதக் காசநோய்ச் சிகிச்சை முடிந்து ரிஃபாம்பிசினை நிறுத்திய பிறகு அந்தக் கூட்டிய அளவை யாரும் குறைக்க நினைக்கவில்லை என்றால், சில வாரத்தில் ரத்தம் கசியத் தொடங்கும். காசநோயும் ரூமாட்டிக் இதயநோயும் ஒரே மாதிரித் தெருக்களில் வாழ்கிற நோய்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வெளியே திரியும் அந்த ஒரு பங்கு கல்லீரலில் என்ன செய்கிறது?

தொழிற்பேட்டையில் ஜாப் ஒர்க் செய்பவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். ஒரு பட்டறையில் நட்டு செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டி, துளைபோட்டு, கடைசி வேலையாக உள்ளே மரை போட வேண்டும். மரை போடும் டேப் ஒரு நட்டுக்கு ஒரு முறை மழுங்கிவிடுகிறது. உடனே சாணை பிடித்து மறுபடி உபயோகிக்கிறார்கள். கையில் இருக்கும் டேப் கொஞ்சம்தான், ஆனால் சாணை இருப்பதால் வேலை நிற்பதில்லை.

கல்லீரலில் அந்த டேப்தான் வைட்டமின் கே. உறைதலைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்திலிருந்து வந்த பெயர் அது. கண்டுபிடித்த ஹென்ரிக் டாமும் அதன் வேதியியலை அவிழ்த்த எட்வர்ட் டாய்சியும் 1943ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார்கள். ப்ரோத்ராம்பின், ஏழாம், ஒன்பதாம், பத்தாம் காரணிகள் ஆகிய நான்கு புரதங்களும் கல்லீரலிலிருந்து வெளியே போகுமுன் வைட்டமின் கே ஒரு கடைசி வேலையைச் செய்கிறது. அவற்றின் தலைப்பகுதியில் உள்ள குளூட்டாமிக் அமிலங்களில் கூடுதலாக ஒரு கார்பாக்சில் தொகுதியைச் சேர்க்கிறது. ப்ரோத்ராம்பினில் மட்டும் இப்படிப் பத்து இடங்கள். அதன் பிறகுதான் அந்தத் தலை கால்சியத்தைப் பிடிக்கும். கால்சியத்தின் உதவியோடு காயம்பட்ட இடத்தில் தட்டணுக்களின் மேல் போய் உட்காரும். மரை போட்டால்தான் நட்டு போல்ட்டில் ஏறும்.

1974இல் சுவீடனின் ஜோஹன் ஸ்டென்ஃப்ளோ இதைப் பிடித்த விதம் எளிமையானது. சாதாரணப் பசுவின் ப்ரோத்ராம்பினையும், அந்தப் பழைய குளோவர் நஞ்சு கொடுத்த பசுவின் ப்ரோத்ராம்பினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். இரண்டாவது பசுவின் ரத்தத்திலும் ப்ரோத்ராம்பின் இருந்தது, ஆனால் அது கால்சியத்தைப் பிடிக்கவில்லை. வித்தியாசம் அந்தத் தலைப்பகுதியில்தான். அதே ஆண்டில்தான் ஃபீனைல்பியூட்டசோன் மர்மமும் அவிழ்ந்தது. ஒரே மருந்தின் இரு முனைகள் ஒரே ஆண்டில் வெளிச்சத்துக்கு வந்திருக்கின்றன.

மாத்திரை டேப்பை உடைப்பதில்லை, நட்டையும் உடைப்பதில்லை. சாணைக் கல்லை நிறுத்திவிடுகிறது. மழுங்கிய வைட்டமின் கே மழுங்கியபடியே கிடக்கிறது. கல்லீரல் புரதம் செய்வதை நிறுத்தவில்லை, மரை போடாத நட்டுகளைப் பெட்டி பெட்டியாக அனுப்பிக்கொண்டே இருக்கிறது. எண்ணிக்கையில் குறைவில்லை, ஒன்றும் போல்ட்டில் ஏறாது.

நோயாளிகள் மனத்தில் பதிய வேண்டியது இதன் அடுத்த கட்டம். நேற்றுவரை மரை போட்டு அனுப்பிய நல்ல நட்டுகள் ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. மாத்திரை அவற்றைத் தொடாது. அவை தாமாகத் தேய்ந்து தீர வேண்டும். ஏழாம் காரணி ஆறு மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். ப்ரோத்ராம்பின் பாதியாக இரண்டரை நாள் ஆகும். ஆகவே இன்றிரவு விழுங்கும் மாத்திரையின் முழுப் பலன் நாளைக் காலையில் தெரியாது. நாலைந்து நாள் கழித்துத்தான் தெரியும். இன்று பார்க்கும் எண், கடந்த சில நாட்களின் மாத்திரையும் சாப்பாடும் காய்ச்சலும் சேர்ந்து எழுதியது. அளவை மாற்றிய மறுநாளே "ஒண்ணும் ஆகல" என்று இன்னும் ஒன்று கூட்டிப் போடுகிறவர்கள் ஆபத்தை அழைக்கிறார்கள்.

மளிகைக் கடையில் விற்கும் எலி கேக்குகளில் பல இதே குடும்பத்து நஞ்சுதான். குழந்தை தெரியாமல் தின்றுவிட்டால் அன்றும் மறுநாளும் நன்றாக ஓடியாடும். அதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள், பழைய நட்டுகள் தீர்வதற்கு எடுக்கும் நேரம் அது. அன்றே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கீரைக்கு வருவோம். புதுக் கீரை என்பது புது டேப். சாணை நின்றிருந்தாலும், வெளியிலிருந்து புது டேப் வந்தால் மரை போடலாம். மனிதருக்கு ஒரு நாளைக்குத் தேவையான வைட்டமின் கே, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு மைக்ரோகிராம் என்ற அளவில்தான். 100 கிராம் பச்சைப் பாலக்கில் மட்டும் சுமார் 480 மைக்ரோகிராம் இருக்கிறது. அப்படியானால் பக்கத்து வீட்டு அக்கா சொன்னது சரிதானே என்று தோன்றும். சரியில்லை. மாத்திரையின் அளவு அவரவர் சாப்பாட்டுக்கு ஏற்றபடிதான் நிர்ணயமாகிறது. வாரம் மூன்று நாள் அரைக்கீரையும் முளைக்கீரையும் சாப்பிட்டவருக்கு ஒத்துவந்த அளவு, கீரையே இல்லாதபோது மிகையாகிவிடும். அந்தப் பெண்ணுக்கு மாத்திரையும் கூடியது, புது டேப் வரத்தும் நின்றது. இரண்டும் ஒரே பக்கம் தள்ளின. 1.6 என்பது 4.1 ஆனதில் வியப்பில்லை. கீரையே சாப்பிடாதவர்களுக்கு இருப்பில் வைட்டமின் கே மிகக் குறைவு என்பதால், ஒரு விருந்துச் சாப்பாடோ ஒரு வாரக் காய்ச்சலோகூட எண்ணை ஆட்டிவிடும்.

அந்த எண்ணின் பெயர் ஐ.என்.ஆர். வெளிர்நீல மூடிக் குழாயில் ரத்தம் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் இருக்கும் சிட்ரேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டு உறைதலை நிறுத்தி வைக்கும். ஆய்வகத்தில் கால்சியத்தைத் திருப்பிக் கொடுத்து, த்ராம்போபிளாஸ்டின் என்ற உறைதல் தூண்டியையும் சேர்த்து எத்தனை நொடியில் உறைகிறது என்று எண்ணுவார்கள். முன்பு ஒவ்வொரு ஆய்வகமும் ஒவ்வொரு த்ராம்போபிளாஸ்டினை வைத்திருந்ததால், ஒரே ரத்தத்துக்கு ஊருக்கு ஓர் எண் வந்தது. 1983இல் உலக சுகாதார நிறுவனம் ஒரே அளவுகோலைக் கொண்டுவந்தது. ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்பது கணக்கு. நரம்பு கிடைக்கவில்லை என்று பாதிக் குழாயோடு நிறுத்தினால் சிட்ரேட் மிகையாகி, எண் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். குழாய் கோடு வரை நிரம்பியதா என்று நீங்களே பாருங்கள். கேட்பதில் தப்பில்லை.

அறுவை சிகிச்சை முடிந்த முதல் நாட்களில் மாத்திரையோடு ஹெப்பாரின் ஊசியும் போடுவார்கள். மாத்திரைக்குத் தாமதம் இருப்பதால் மட்டுமல்ல. உறைதலைக் கட்டுப்படுத்தும் சி என்ற புரதத்துக்கும் வைட்டமின் கேதான் மரை போடுகிறது. அதன் ஆயுள் குறைவு என்பதால் ப்ரோத்ராம்பினுக்கு முன்பே அது தீர்ந்துபோகிறது. தொடக்க நாட்களில் மாத்திரை தனியாக இருந்தால் உறைவு கூடவும் வாய்ப்பு உண்டு. ஹெப்பாரினின் வழி முற்றிலும் வேறு. அது கல்லீரலுக்குப் போக வேண்டியதில்லை. ரத்தத்திலேயே இருக்கும் ஆன்டித்ராம்பின் என்ற புரதத்தைப் பிடித்து அதன் உருவத்தை மாற்றுகிறது. மாறிய ஆன்டித்ராம்பின் ஆயிரம் மடங்கு வேகத்தில் த்ராம்பினை மடக்குகிறது. ஊசி போட்ட சில நிமிடங்களில் பலன். ஆனால் ஹெப்பாரின் வழியில் தென்படும் வேறு பல புரதங்களிலும் போய் ஒட்டிக்கொள்ளும். கடும் தொற்று வந்தால் அந்தப் புரதங்கள் ரத்தத்தில் பெருகும், அதே அளவு ஊசி பற்றாமல் போகும். கோவிட் காலத்துத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பணியாற்றியவர்களுக்கு இது நினைவிருக்கும். ஹெப்பாரினின் மூலக்கூறு பெரிது என்பதால் அது நஞ்சுக்கொடியைத் தாண்டாது. வார்ஃபரின் குடும்பம் தாண்டிச் சிசுவைப் பாதிக்கும். வால்வு வைத்த பெண் கருத்தரிக்க நினைத்தால், நாள் தள்ளிப்போவதற்கு முன்பே மருத்துவரிடம் பேச வேண்டியது இதற்காக.

"இவ்வளவு தொல்லை எதுக்கு, புது மாத்திரை வந்திருக்கே, கீரைக் கணக்கும் இல்ல, டெஸ்ட்டும் இல்ல" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட மாத்திரைகள் இருக்கின்றன. டபிகாட்ரான் த்ராம்பினையே நேராகப் போய்ப் பிடிக்கிறது. ரிவரோக்சபானும் அபிக்சபானும் பத்தாம் காரணியைப் பிடிக்கின்றன. ரத்தப் புரதங்களோடு இவை ஒட்டும் அளவிலும் வேறுபாடு உண்டு. டபிகாட்ரான் நூற்றுக்கு 35 பங்குதான் ஒட்டும், அதனால் மிகையாகிவிட்டால் டயாலிசிஸ் மூலம் ஓரளவு வெளியேற்றலாம். ரிவரோக்சபான் 90க்கு மேல் ஒட்டிக்கிடக்கும், டயாலிசிஸ் எந்திரத்தால் அதை எடுக்க முடியாது. காலில் உறைகட்டி வந்த பலருக்கும், வால்வு நோய் இல்லாமல் இதயத்துடிப்பு சீர்கெட்ட பலருக்கும் இவை நல்ல மருந்துகள்.

உலோக வால்வுக்கு மட்டும் கூடாது. டபிகாட்ரானை இத்தகைய நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. 2013இல் வெளியான அதன் முடிவின்படி, டபிகாட்ரான் எடுத்தவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்குப் பக்கவாதம், வார்ஃபரின் எடுத்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. வால்வைச் சுற்றி ஓயாமல் த்ராம்பின் பிறந்துகொண்டே இருக்கிறது. ஒன்றுக்கு ஒன்று என்று பிடிக்கும் மருந்தால் அந்த வரத்தைச் சமாளிக்க முடியவில்லை என்பதே ஆய்வாளர்கள் தரும் விளக்கம். பழைய மாத்திரையோ நான்கு புரதங்களையும் பட்டறையிலேயே மரை போடாமல் அனுப்பிவிடுகிறது. செயற்கை வால்வு இல்லாமல், ரூமாட்டிக் நோயால் வால்வு சுருங்கி இதயத்துடிப்பும் சீர்கெட்டவர்களுக்குக்கூடப் பழைய மாத்திரையே மேல் என்று 24 நாடுகளில் நடந்து 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. அதை வழிநடத்தியவர்களில் ஒருவர் அப்போது டில்லி எய்ம்ஸில் இருந்த டாக்டர் ஜி. கார்த்திகேயன். நம் நாட்டு ஏழைகளின் நோயை நம் நாட்டவரும் முன்னின்று ஆராய்ந்து கண்ட முடிவு என்பதால் எனக்கு அதில் தனி மகிழ்ச்சி உண்டு.

எலி மருந்தாகப் பிறந்த, எண்பது வயதை எட்டும் மருந்தையே இன்னும் பல வருடம் இவர்கள் நம்பியிருக்க வேண்டும். வால்வு வைத்துக்கொண்டவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களுடைய நோட்டை ஒரு முறை வாங்கிப் பாருங்கள். கடைசித் தேதி ஒரு மாதத்துக்கு மேல் பழையதாக இருந்தால் நாளைக் காலையே பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். எண் கூடியோ குறைந்தோ இருந்தால் மாத்திரையை நீங்களாக மாற்றாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த மருந்துக் கடைக்குப் போனாலும், எந்த நாட்டு வைத்தியரிடம் போனாலும், பல் பிடுங்கப் போனாலும் அந்த நோட்டு கையில் இருக்கட்டும். கீரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். வாரத்துக்கு எத்தனை நாள் சாப்பிட்டு வந்தார்களோ, அத்தனை நாள் சாப்பிடட்டும்.